டிஸ்க்கின் ஓரத்தில் நான்கு நிமிடம்

லப்பைக்குடிகாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம், "உங்க வீட்டு பிளேயர் கெட்டுப்போச்சும்மா" என்று சொன்னேன். பிளேயர் நன்றாகத்தான் இருந்தது. கெட்டிருந்தது நான் பதிந்து கொடுத்த டிஸ்க். அது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை பொய் சொன்னேன், ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணத்தோடு.

நம் வீடியோக்காரர்கள் சங்கத்தின் மலருக்கு 'மறக்க முடியாத இனிய அனுபவம்' ஒன்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மறக்க முடியாதது இருக்கிறது. இனியது வேறு யாரிடமாவது கிடைக்கும். இப்போது நீங்கள் கல்யாண வீடியோவை ஒரு லிங்க்காக அனுப்பிவிட்டு, "எப்பவும் இருக்கும்ணே, எங்கயும் போவாது" என்கிறீர்கள். அந்த 'எப்பவும்' எனக்கு நன்கு பழக்கமான சொல். பெரம்பலூரில் அதை நோட்டீஸ் அடித்து விநியோகம் செய்தவன் நான்.

இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவன். கல்லூரி வேலைக்குக் காத்திருந்தேன். கல்லூரிகளுக்கு என்னிடம் அவசரம் எதுவும் இல்லை. பல வருடம் டுடோரியல்களில் பாடம் எடுத்தேன். தோற்றவர்களைத் தேற வைப்பது வேலை. கடைசியில் டுடோரியலே தோற்று மூடியது. திருச்சியில் ஆறு மாதம் டிவியும் விசிஆரும் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, 1995 வாக்கில் பெரம்பலூரில் ஒரு கடையில் சேர்ந்தேன். பயிற்சிக்காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. விசிஆரின் ஹெட்டை எப்படித் துடைப்பது என்பதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை என்பதைக் கற்றேன்.

முதலாளி என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "எம்மெஸ்ஸி, இங்க வாங்க" என்பார். வாடிக்கையாளர் முன்னால் அது மரியாதை. அவர்கள் போன பிறகு அதே சொல் வேறு ஒன்றாகிவிடும். அவர் எதையும் 'நான் சொல்கிறேன்' என்று சொன்னதும் இல்லை. "கடை என்ன சொல்லுதுன்னா" என்றுதான் தொடங்குவார். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். பேசும்போது கண்ணாடி மேசையை அந்தத் துணியால் வட்டமாகத் துடைத்துக்கொண்டே இருப்பார். வட்டம் பெரிதாக இருந்தால் இன்னும் யோசிக்கிறார் என்று அர்த்தம். சுருங்கிச் சுருங்கி ஒரே இடத்தில் நின்றுவிட்டால், கடை தீர்ப்பு சொல்லிவிட்டது.

2003, 2004 வாக்கில் கேசட்டிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றும் வேலை கூடியது. வீட்டில் பதியக்கூடிய டிவிடிகளில் அப்போது மூன்று கட்சி. அட்டையில் 'டிவிடி-ஆர்' என்று போட்ட மைனஸ் ஒன்று, 'டிவிடி+ஆர்' என்று போட்ட பிளஸ் ஒன்று. மூன்றாவது ராம், அதை யாரும் கூட்டணிக்குக் கூப்பிடவில்லை. மைனஸை மட்டும் வாசிக்கும் மெஷினில் பிளஸ் ஓடாது, பிளஸ் மெஷின் மைனஸைத் துப்பிவிடும். உலகத்தின் பெரிய கம்பெனிகள் இரண்டாகப் பிரிந்து, ஒரே அளவு, ஒரே பளபளப்பு உள்ள ஒரு வட்டத் தகட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எங்களுக்கு இது புதிதல்ல. அந்தச் சில வருடங்களில்தான் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, பிறகு பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மறுபடியும் பிரிந்தது. லெட்டர்பேடு அச்சடித்தவர்கள் மட்டும் நன்றாக வாழ்ந்தார்கள். பிறகு இரண்டையும் வாசிக்கும் மெஷின்கள் வந்து சண்டையே அர்த்தமில்லாமல் போனது. ஆனால் எங்கள் கடையில் அது நீண்ட நாள் அர்த்தத்தோடு இருந்தது.

காரணம், ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வீட்டுக்காரர். மகள் கல்யாண டிஸ்க்கைக் கையில் வாங்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காரியத்துல எதுக்குங்க மைனஸு?"

நான் விளக்கப் போனேன். முதலாளியின் துணி அதற்குள் நின்றுவிட்டது.

"கடையும் அதத்தாங்க சொல்லுது. பிளஸ்ஸுல போட்டுத் தர்றோம்."

அடுத்த வாரமே கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத பிளஸ் டிஸ்க்குகள், கம்பியில் கோத்த அடுக்கு அடுக்காக வந்து இறங்கின. விலை மலிவு. அட்டை இல்லை, முகவரி இல்லை. அநாதை டிஸ்க்குகள் என்று நான் அவற்றுக்குப் பெயர் வைத்தேன். என் நகைச்சுவையை முதலாளி ரசிக்கவில்லை.

எனக்குள் இருந்த எம்.எஸ்ஸி. விழித்துக்கொண்டான். மைனஸ், பிளஸ், ராம், நல்ல கம்பெனியுடையது, பெயரில்லாதது எல்லாவற்றிலும் ஒரே படத்தை ஓரம்வரை நிறையப் பதிந்தேன். ஒரு கட்டு டிஸ்க்கை டிவிக்கு மேல் வைத்தேன், நம் வீடுகளில் டிஸ்க் வாழும் இடம் அதுதான். ஒன்றைச் சமையலறை அலமாரியில், ஒன்றைப் பாச்சை உருண்டை போட்ட டிரங்குப் பெட்டியில், ஒன்றை மாடியில் மேற்குப் பார்த்த ஜன்னலில். அக்னி நட்சத்திரம் முழுக்க அவை அங்கேயே கிடந்தன. மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று நோட்டில் குறித்தேன்.

முடிவு எளிமையானது. பிளஸ்ஸா மைனஸா என்பது ஒரு பொருட்டே அல்ல. தகட்டில் பூசிய சாயம் ஒழுங்கா என்பதுதான் பொருட்டு. டிஸ்க் உள்ளே நடுவிலிருந்து தொடங்கி வெளியே ஓரம் நோக்கிப் பதியும். மலிவு டிஸ்க்கில் சாயம் முதலில் கைவிடுவது ஓரத்தைத்தான். அதாவது படத்தின் கடைசியைத்தான். பெயரில்லாதவை எல்லாமே, டிரங்குப் பெட்டிக்குள் இருந்தவைகூட, ஓரத்தில் தடுமாறத் தொடங்கியிருந்தன.

இதிலிருந்து மூன்று விதிகளை வகுத்தேன். முக்கால் டிஸ்க்குக்கு மேல் பதியாதே. பதிந்ததைக் கடைசிவரை, வேகமாக ஓட்டாமல், உட்கார்ந்து பார். அதன் பிறகும் மூன்று மாதம் கேசட்டைத் தொடாதே.

'வீட்டுக்கு ஏற்ற டிஸ்க் எது?' என்று நல்ல தமிழில் ஒரு பக்க நோட்டீஸ் எழுதினேன். அட்டவணை எல்லாம் போட்டு, கடைசிக் கட்டத்துக்கு 'ஓரம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். துணி பெரிய வட்டம் போட்டது.

"எம்மெஸ்ஸி, அழகா எழுதியிருக்கீங்க. இந்த ஓரம் ஓரம்னு ஒண்ணு வருதே, அது என்னா?"

"நம்ம புது டிஸ்க்கு ஓரத்துல நிக்காதுங்க. ஒண்ணு ரெண்டு வருஷத்துல போயிடும்."

"சுவத்துல ஒரு ஓரமா சுண்ணாம்பு உதிர்ந்தா வூட்டையே இடிப்பீங்களா?"

"ஜனங்களுக்குத் தெரியணும்ல."

"கடை என்ன சொல்லுதுன்னா, ஓரத்தப் பத்தி ஊருக்கு எதுக்கு?" வட்டம் சுருங்கியது. "எவ்வளவு நாள் இருக்கும்னு நல்ல டிஸ்க்குக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் போட்டிருப்பான்ல?"

"அவன் நூறு வருஷம்னு போடுறான். அது அவன் டிஸ்க்குக்கு."

"டிஸ்க்குன்னா டிஸ்க்குதான். நூறு வருஷம்னு போடுங்க."

சிவப்புப் பேனாவால் 'ஓரம்' என்ற கட்டத்தை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் அடித்தார். நான் வீட்டுக்குப் போய், 'நூறு ஆண்டுகள் நிலைத்து நிற்கும்' என்ற வரியின் ஓசை சரியாக இல்லை என்று, 'நூறாண்டு காலம் நிலைத்து நிற்கும்' என்று திருத்திக் கொண்டுவந்தேன். பொய்யைத் தமிழ் நடை பார்த்துச் செதுக்கியவன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடையில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மாற்றி முடித்த பழைய கேசட்டைக் கடையிலேயே கொடுத்தால், வெற்று டிஸ்க் ஒன்று இலவசம். வாங்கிய கேசட்டில் பூசணத்தைத் துடைத்து, அழித்து, அரியலூர்ப் பக்கம் காதுகுத்துக்கும் சீருக்கும் வீடியோ எடுப்பவர்களுக்கு விற்போம். அழிப்பது என் வேலை. அழிக்கும் மெஷின் என்பது கைப்பிடி வைத்த ஒரு காந்தப் பெட்டி. சுவிட்சைப் போட்டுவிட்டு, கேசட்டை அதன்மேல் மூன்று முறை வட்டமாகச் சுற்றி, மெதுவாக விலக்க வேண்டும். பார்ப்பதற்குத் திருஷ்டி கழிப்பது போல இருக்கும். பிறகு நம்பர் எழுதிய சீட்டை ஒட்டுவேன்.

2004 ஐப்பசி மழையில் மெஹருன்னிசா வந்தார். கேசட்டைத் துண்டில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, மடியில் வைத்திருந்தார். அவருடைய கணவர் அப்துல் காதர் ரியாத்தில் வேலை பார்த்தவர். ஒரு விடுமுறைக்கு, தோளில் வைக்கும் பெரிய வீடியோ காமிராவோடு வந்து, இருந்த நாளெல்லாம் வீட்டையே எடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. ஆடு, மழை, அரிசி புடைக்கும் அவருடைய அம்மா எல்லாம் இருந்தது. எடுத்தவர் மட்டும் இல்லை. காமிராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் கேட்கும்.

கடைசி நான்கு நிமிடத்தில்தான் அவர் முகம். காமிராவை ஸ்டூலில் வைத்து, ஆறு வயது மகள் ஷாஹிதாவை அதன் பின்னால் நிறுத்திவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தன் அம்மாவைப் பார்த்துப் பேசியிருந்தார். அடுத்த வருடம் ரியாத்தில் சாலை விபத்தில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஊரில் போய் நிற்க ஒரு கபர்கூட இல்லை.

"எங்க மாமி வெள்ளிக்கிழமையானா இதப் போடச் சொல்லுவாங்க சார்" என்றார் மெஹருன்னிசா. மாமி என்றது மாமியாரை, காதரின் அம்மாவை. "மத்ததெல்லாம் ஓட்டிட்டு, கடைசில மவன் பேசுறது மட்டும். இப்ப டெக்கு தேயுது, கேசட்டும் பூத்துப்போச்சு. அது போயிட்டா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல."

என் விதிப்படி இரண்டு டிஸ்க் தேவை. முதலாளியிடம் சொன்னேன். "ரெண்டு டிஸ்க்குன்னா நடுவுல எந்திரிச்சு மாத்தணும். வயசான அம்மா பாக்குறதுங்கிறாங்க. ஒத்த டிஸ்க்குல முடிங்க" என்றார். கருணைபோலவே இருந்தது. கம்பியிலிருந்து ஓர் அநாதையை எடுத்து, ஓரம்வரை பதிந்தேன். அந்த நான்கு நிமிடமும் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. பதியும்போதே எனக்கு அது தோன்றியது. 'பார்த்துக்கொள்ளலாம்' என்றும் தோன்றியது. கடைசிவரை பார்க்கும் விதியையும் கைவிட்டேன். தொடக்கத்தில் ஐந்து நிமிடம், நடுவில் கொஞ்சம் பார்த்தேன். முகூர்த்த மாதம், வேலை குவிந்து கிடந்தது.

"கேசட் இனிமே வேண்டாங்களா சார்?"

"வேண்டாம்மா. பூசணம் புடிச்சது, வச்சிருந்தா வேற கேசட்டுக்கும் பரவும். இது நூறு வருஷம் நிக்கும்."

நோட்டீஸையும் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். இலவச வெற்று டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் அதில் எதையும் பதிய மெஷின் கிடையாது. அன்றே கேசட்டைக் காந்தத்தின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, 212 என்று சீட்டு ஒட்டினேன்.

ஒன்றரை வருடம் கழித்து வந்தார்.

"கடைசில நிக்குதுங்க சார். அவங்க மூஞ்சி வர்ற நேரத்துக்குக் கட்டங்கட்டமா ஆயிடுது."

கடை மெஷினில் போட்டேன். திரையை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். ஒரு மணி ஐம்பத்து நான்காவது நிமிடத்தில் நின்றது. என் நோட்டில் இருந்தது போலவே நின்றது. அவர் எட்டிப் பார்ப்பதற்குள் வெளியே எடுத்து, பிளேயர் லென்ஸ் போய்விட்டது என்றேன். இது முதல் பொய்.

அவருடைய தம்பி துபாயிலிருந்து புதுப் பிளேயர் கொண்டுவந்தார். அதிலும் நின்றது. "துபாய் மெஷினு மைனஸ் வாசிக்கிறதும்மா, இது பிளஸ்ஸு" என்றேன். நான் படித்த படிப்பெல்லாம் அன்று எனக்குக் கைகொடுத்தது. முதலாளி எங்கள் கடையிலிருந்தே ஒரு பிளேயரை எடுத்துக் கொடுத்தார். இது இரண்டாவது பொய். எங்கள் பிளேயரிலும் நின்றது. "எண்ணெய்க் கையோட தொட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது மூன்றாவது.

நான்காம் முறை மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஷாஹிதா அப்போது பத்தாம் வகுப்பு. என் நோட்டீஸை மேசையில் விரித்து வைத்தாள்.

"இது யாரு சார் எழுதுனது?"

"நாந்தாம்மா."

"நூறாண்டு காலம்னு போட்டிருக்கீங்க. டிஸ்க்கு வந்தே பத்து வருஷந்தானே சார் ஆவுது. மிச்சத் தொண்ணூறு வருஷத்த எங்க போயி பாத்தீங்க?"

டுடோரியலில் எந்த மாணவனும் என்னை இப்படிக் கேட்டதில்லை. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிளேயர் கெடலம்மா" என்றேன். "மூணு பிளேயரும் நல்லாத்தான் இருக்கு. டிஸ்க்குதான் கெட்டுப்போச்சு. கெடும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

துணி நின்றது. "கடை அப்படி எதுவும் சொல்லலீங்க" என்றார் முதலாளி அவர்களைப் பார்த்து. "எழுதுனவரு எம்மெஸ்ஸி. சொன்னவரும் அவருதான்." பத்து வருடத்துக்கு மேல் எல்லாவற்றையும் கடையே சொல்லிவந்தது. அன்று முதன்முறையாக நான் சொன்னதாக ஒன்று என் கணக்கில் வந்தது. அவர் சொன்னது முழு உண்மை. மாலைக்குள், இனிமேல் வர வேண்டாம் என்றும் கடை சொல்லிவிட்டது.

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். தெரிந்தவர்களிடமிருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு பழைய டிரைவ் மட்டும், படிக்க முடியாத இடத்தில் விட்டுவிட்டு ஓடாமல், திரும்பத் திரும்ப முயன்றது. இரண்டு வாரம் அதன் முன்னால் உட்கார்ந்தேன். முன்பகுதி முழுதாக வந்தது. நான்கு நிமிடத்தில் பதினோரு விநாடி வந்தது. அதிலும் குரல் தெளிவு, படம் பச்சையும் சாம்பலுமாகக் கட்டங்கள்.

மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை கேசட். அரியலூரில் வீடியோ எடுக்கும் செல்வராசுவிடம் 212 இருந்தது. விக்கிரமங்கலத்தில் ஒரு காதுகுத்தை அதில் எடுத்திருந்தார். ஒரு மணி பத்து நிமிடந்தான். அதற்குப் பின்னால் பழையது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று பார்க்கத்தான் போனேன். மொட்டை அடித்த குழந்தை அழுது முடித்ததும் திரை வெறும் இரைச்சலானது. கடைசிவரை ஓடவிட்டேன். ஓட்டாமல் பார்த்தேன். இரைச்சல்தான்.

"என்னண்ணே தேடுறீங்க?" என்றார் செல்வராசு. "உங்க கேசட்டுல பழசு ஒண்ணும் இருக்காதுண்ணே. மத்த கடையில வாங்குனா நடுவுல எவன் கல்யாணமாச்சும் எட்டிப் பாக்கும். நீங்க அழிச்சா சுத்தமா இருக்கும். அதுக்காவத்தான் உங்ககிட்டயே வாங்குறது."

என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

லப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். நல்ல கம்பெனி டிஸ்க்குகளில், பிளஸ்ஸில் ஒரு பிரதி, மைனஸில் ஒரு பிரதி, இரண்டிலும் முக்கால் அளவுக்கு மேல் போகாமல், இரண்டிரண்டாகப் பிரித்துக் கொண்டுபோயிருந்தேன். மெஹருன்னிசாவிடம் ஜன்னலில் வைத்த டிஸ்க், சிவப்புப் பேனா, காந்தம், அரியலூர் என எதையும் விடாமல் சொன்னேன்.

"மூணு பிளேயர் மாத்துனேன் சார்" என்றார். "எங்க மாமி ரெண்டாவது பிளேயர் வந்தப்பவே மவுத்தாயிட்டாங்க. 'நீ என்னத்தயோ தப்பா அமுக்குறே, அதான் என் புள்ள மூஞ்சி வரமாட்டேங்குது'ன்னு கண்ண மூடுற வரைக்கும் என்னத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ராவுல வெளக்கப் போட்டு ரிமோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சேன்னெல்லாம் நான் சொல்லமாட்டேன். என் மாமியில்ல சொல்லணும்." புது டிஸ்க்குகளைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது இன்னும் எத்தன வருஷம் இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா."

"அப்ப வருசத்துக்கு ஒருக்கா நீங்களே வந்து போட்டுக் காட்டுங்க. முழுசா. ஓட்டக் கூடாது."

அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். கடையை விட்ட பிறகு வீட்டிலேயே கேசட் மாற்றும் வேலையை வைத்துக்கொண்டு, முடியாத வயது வந்ததும் நிறுத்தினேன். இதை மட்டும் நிறுத்தவில்லை. டிஸ்க் போய் பென்டிரைவ் வந்தது, அது போய் ஹார்டு டிஸ்க் வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றில் ஏற்றிக்கொண்டு, பழையதையும் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். ஷாஹிதா கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு பிரதி போகிறது. "எவ்வளவு நாள் சார் தாங்கும்?" என்று இப்போதும் கேட்பாள், கேலியாக. "அடுத்த வருஷம் சொல்றேம்மா" என்று பதில் அனுப்புவேன்.

நானும் மெஹருன்னிசாவும் ஒரு மணி ஐம்பத்து நான்கு நிமிடம் உட்கார்ந்து பார்ப்போம். அந்த ஆடு வரும், அந்த மழை வரும், அரிசி புடைப்பவர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்புவார். பிறகு கட்டங்கள். கட்டங்களுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் மகளிடம், "அத்தா தெரியுறேனாம்மா?" என்று கேட்கும். "தெரியுது அத்தா" என்று ஆறு வயதுக் குரல் சொல்லும். அவ்வளவுதான்.

மெஹருன்னிசா ஒவ்வொரு வருடமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அதே வாக்கியத்தைச் சொல்வார்.

"இதுக்கப்பறம் இன்னும் இருந்துச்சு."

"ஆமாம்மா, இருந்துச்சு" என்பேன்.

அதன் பிறகுதான் எழுந்துபோய் டீ வைப்பார்.